ஒலியும் பொருளும்: காரைக்காலம்மையார் பாடலொன்றன் ஆய்வு

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இயைபு யாது என்னும் வினாவைத் தொல்காப்பியர் உரியியலில் எழுப்பி விடை காண்கின்றார். ஒரு சொல் இப்பொருளைத் தருவதற்குக் காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. அக்காரணம் விளங்கத் தோன்றாது என்றே கூறினார். இந்நுட்பத்தைச் சேனாவரையரும் சுட்டிச் செல்வர். பொருளை முற்ற அறியாதபோதும் அறிந்துவிட்டாற் போன்ற உணர்வை ஒலி ஊட்டும் இடங்கள் இலக்கியத்தில் உள. காரைக்காலம்மையார் வாக்கில் அமைந்த ஓரிடம் ஈண்டு நோக்கத்தக்கது.

திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டனுள் முதலாவது நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. அதன் ஒன்பதாம் பாடலில் பண்டைத் தமிழிசையின் நரம்புப் பெயர்களும், அவற்றையடுத்து இசைக்கருவிகளின் பெயர்களும் அடுக்கி வருகின்றன. விளரி, உழை, இளி என்பன இடையின ஒலிகளால் ஒழுகுகின்றன. கொக்கரை, தக்கை, மத்தளம் என்பன வல்லினம் இரட்டித்து அதிர்கின்றன. இன்றைய மாணவருட் பலர் கொக்கரையைக் கண்டிரார். ஆயினும் பாடலைக் கேட்ட அளவில் ஆடரங்கின் முழக்கத்தை உணர்வர்.

இதனால் ஒலிக்கே அவ்வாற்றல் உண்டென முடிவு கட்டுதல் பொருந்தாது. தக்கை என்பது துளையை அடைக்கும் பொருளையும், மொந்தை என்பது கலத்தையும் குறிக்கும். ஆண்டு முழக்கம் கேட்பதில்லை. நரம்புப் பெயர்களுள்ளும் துத்தம் வல்லினம் இரட்டித்ததே. அம்மையார் இச்சொற்களைப் படைத்தாரல்லர். வழங்கிய பெயர்களைத் தேர்ந்து நிரல்பட வைத்தார்.

செருமானிய உளநூலறிஞர் கோலர் 1929இல் வெளியிட்ட நூலில் பொருளற்ற இரு சொற்களை இரு வரைவுகளோடு பொருத்திக் காட்டினார். 'தகேட்டே' கூர்முனை வடிவிற்கும் 'பலூமா' வளைந்த வடிவிற்கும் உரியன என்பதே பெரும்பாலோர் துணிபு. இரு வடிவங்களும் கண்முன் இருந்தமையாலன்றோ அத்துணிபு எளிதாயிற்று? ஒலி தானே பொருளைத் தருவதன்று. முன்னிற்கும் பொருள்களுள் ஒன்றன்பால் நம்மைச் சாய்விப்பது. பதிகத்தின் முன்னைப் பாடல்கள் எட்டும் சுடலையையும் பேயையும் கூத்தையும் நம் முன் நிறுத்திவிட்டன. ஆதலின் ஒன்பதாம் பாடலின் வல்லொலிகள் பறையொலியாகின்றன.

பேசக் கற்ற நாள்முதல் இறைவன்பால் அன்பு பூண்டமையை அற்புதத் திருவந்தாதியின் தொடக்கத்திலேயே கூறுபவர் அம்மையார். மொழியும் அன்பும் உடன்வளர்ந்த அவ்வாக்கினைக் கருவிப் பெயர்களின் பட்டியலாகக் கொண்டு அருஞ்சொற்பொருள் எழுதி அமைவது ஒரு குறை. ஓசையின்பம் என வியந்து பொருளைக் கைவிடுவது மற்றொரு குறை. வகுப்பறையில் பதிகம் முழுமையும் முதற்கண் வாய்விட்டு ஓதப்படல் வேண்டும். சொற்பொருள் பின்னர் வரலாம். பொருள் முந்தின், மாணவர் கொக்கரை இன்ன கருவி என்று அறிவர். அதன் ஒலியைக் கேளார்.