இரண்டாம் கியர்

நல்ல ஃபோர்மேன் ஒருவர் பழைய மெனுவல் காரைச் சோதிக்கும் விதம் பார்க்கப் பார்க்கச் சலிக்காதது. என்ஜின் மூடியைத் தொடமாட்டார். வண்டி ஆறிக் கிடக்கும்போதே ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போவார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் அந்த ஒரு நொடியில் கியர் லிவர் அவருடைய இடது உள்ளங்கைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

“ரெண்டாவது கொஞ்சம் இடிக்குதுண்ணே.”

“காலையில மட்டுமா, ஓடிச் சூடானப்புறமுமா தம்பி?”

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. காலையில் முரண்டுபிடித்து, சூடானபின் இளகிவிட்டால் எண்ணெயைச் சந்தேகிக்கலாம். எந்நேரமும் கரகரத்தால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா கியரும், முக்கியமாக ரிவர்ஸ், அடம்பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். அந்தக் குறைக்கு எந்த எண்ணெயும் மருந்தில்லை.

தஞ்சோங் மாலிம் கார் செய்கிற ஊர். புரோட்டோன் ஆலையிலிருந்து 2004இல் ஜென்-2 வந்தது, 2007இல் பெர்சோனா வந்தது. அவை இன்று இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறி இதே சாலைகளில் ஓடுகின்றன. கூடவே பெரோடுவாவின் கஞ்சில், ஷா ஆலாமில் பிறந்த பழைய சாகா, வீரா. பேராங், சிலிம் ரிவர், காலும்பாங் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வேலைக்குக் கிளம்பிய எத்தனையோ பிள்ளைகளுக்கு இவற்றில் ஒன்றுதான் முதல் கார். வாங்கும்போது கண்ணாடியின் மூலையில் என்ஜின் எண்ணெய் மாற்றிய ஸ்டிக்கர் இருக்கும். கியர் எண்ணெய்க்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வழக்கம் இல்லை. விற்பவருக்கும் தெரியாது, அவருக்கு விற்றவருக்கும் தெரியாது.

ஆகவே என் தீர்ப்பு இது: வரலாறு தெரியாத மெனுவல் காரை வாங்கினால் கியர் எண்ணெயை ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு கையேடு சொல்கிறபடி. கையேடு கிடைக்காவிட்டால் 40,000, 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. கியர்பாக்ஸுக்குள் எரிபொருள் எரிவதில்லை, புகைக்கரி சேர்வதில்லை, எனவே எண்ணெய் நெடுநாள் தாங்கும். ஆனால் பற்கள் அரைபடும்போது எண்ணெயின் நீண்ட மூலக்கூறுகளும் சேர்ந்து அறுபடுகின்றன. பித்தளைத் துகளும் எஃகுத் தூளும் சேர்கின்றன. கியர்பாக்ஸ் மூச்சுவிடும் சிறு துளை வழியே ஈரம் நுழைகிறது. எந்த ஆயுளைக் கணக்கில் வைத்து அப்படிச் சொன்னார்கள் என்பதே கேள்வி. பதினைந்து வயதுக் காரை மூன்றாவதாக வாங்குகிறவரின் ஆயுளை அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

எதை ஊற்றுவது என்பதில்தான் ரசனையே இருக்கிறது. அதற்கு முதலில் சிங்க்ரோ வளையத்தின் வேலை தெரியவேண்டும். 1928இல் கடிலாக் கார் சிங்க்ரோ கியருடன் வந்தபோது ஓட்டுநர்களின் பெரிய தொல்லை ஒன்று தீர்ந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்கள் கோத்துக்கொள்வதற்கு முன், கூம்பு ஒன்றின் மேல் வளையம் உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. வளையம் பெரும்பாலும் பித்தளை. இங்கே எண்ணெய்க்கு ஒரு விசித்திரமான கடமை: பற்களுக்கு நடுவே வழுக்க வேண்டும், வளையத்துக்கும் கூம்புக்கும் நடுவே வழுக்கவே கூடாது. இரண்டையும் ஒரே திரவம் செய்கிறது என்பதை நினைக்க இப்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதனால்தான் டப்பாவில் உள்ள ஜிஎல்-4, ஜிஎல்-5 எழுத்துகளைப் பார்த்து வாங்கவேண்டும். ஐந்து நான்கைவிட உயர்வு என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. ஜிஎல்-5இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதல். பழைய லாரி, பிக்கப் போன்றவற்றின் பின் அச்சில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி அழுத்தும். அங்கே அதுதான் தேவை. முன்சக்கரத்தால் ஓடும் சின்னக் காரில் அப்படிப்பட்ட பற்கள் இல்லை. அங்கே அதை ஊற்றினால் வளையம் பிடிப்பில்லாமல் வழுக்கும், சிலவகைச் சேர்மானங்கள் பித்தளையையும் அரிக்கும். பெரும்பாலான பழைய சிறு கார்களுக்கு 75டபிள்யூ-90, 75டபிள்யூ-85 கனத்தில் ஜிஎல்-4. சில கார்களுக்குத் தயாரிப்பாளர் வேறு எண்ணெய் கேட்பார். அவர் சொல்லே இறுதி. தவறான புது எண்ணெயைவிடச் சரியான பழைய எண்ணெய் மேல்.

வேலையைப் பார்ப்போம். பழைய நெடுஞ்சாலையில் காலும்பாங் வரை போய் வந்தால் எண்ணெய் சூடாகி நன்றாக வடியும். வண்டி சமமாக நிற்கவேண்டும். கை தேர்ந்தவர் முதலில் மேலே ஊற்றும் துளையின் நட்டைத்தான் தளர்த்துவார். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், கீழே எண்ணெயை வடித்தபின் புதிதாக ஊற்ற வழியில்லாமல் கார் லிஃப்டிலேயே நின்றுவிடும். இந்த ஒரு வரிசையை வைத்தே ஃபோர்மேனை எடைபோட்டுவிடலாம்.

பிறகு கீழ் நட்டு. பல கார்களில் அதன் நுனியில் காந்தம் இருக்கும். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டுப் போகலாம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் எங்கோ பல் உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் எண்ணெயில் பொன்னாக மின்னுவது வளையத்தின் பித்தளை. எண்ணெய் பால்போலக் கலங்கி வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அந்தக் கார் எங்கோ வெள்ளத்தில் இறங்கியிருக்கலாம், விற்றவர் சொல்லாத கதை அதில் இருக்கலாம். தேனைவிடக் கனமாக வந்தால் சத்தத்தை மறைக்கவே ஊற்றினார்களோ என்று கேட்டுக்கொள்ளவேண்டும். புதிய வாஷர் போட்டு, கீழ் நட்டை மூடி, மேல் துளையில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி. சிறு கார்களில் இரண்டு லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும்.

பலன் அன்றைக்கே தெரியவேண்டும் என்றில்லை. சில நாள் ஓட்டம் கொடுத்து, கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் வளைவுகளில் இரண்டும் மூன்றுமாக மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் இரண்டாவது இடித்தால் எண்ணெயின் வேலை முடிந்தது, அடுத்தது வளையம். கியர்பாக்ஸைப் பிரிக்கும் கூலியைக் கேட்டுவிட்டுப் பலர் பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடைக்குப் போய் முழுதாக ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். வீரா போன்ற கார்களுக்கு அது மோசமான யோசனையும் இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் அதன் கீழ் நட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.