முக்கோணமும் மூன்றாண்டு இடைவெளியும்

பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக அல்ஜீரிய விடுதலை முன்னணி அல்ஜியர்ஸ் நகரில் நடத்திய தலைமறைவுப் போரைச் சொல்லும், ஜில்லோ பொன்டெகோர்வோவின் ‘அல்ஜியர்ஸ் போர்’ (1966) வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. பிரான்சில் சில ஆண்டுகள் திரைக்கே வரவில்லை. 2003இல், இராக் ஆக்கிரமிப்பு தொடங்கிய சில மாதங்களில், பென்டகன் அதைத் தன் அதிகாரிகளுக்குத் திரையிட்டது. புரட்சியாளரும் அவர்களை ஒடுக்குவோரும் ஒரே படத்தைப் பாடமாகக் கொள்வதை அதன் நடுநிலைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘எப்படி’ என்ற கேள்விக்குப் படம் துல்லியமாக விடை சொல்கிறது. ‘ஏன்’ என்பதைப் பாதியில் கைவிடுகிறது. விட்ட பாதியை அவரவர் தமக்கு வேண்டியபடி நிரப்பிக்கொள்கிறார்கள்.

படத்தின் உச்சம் மூன்று பெண்களின் காட்சி. அல்ஜியர்ஸின் அரபுக் குடியிருப்பான கஸ்பாவின் ஓர் அறையில், கண்ணாடி முன், அவர்கள் முக்காடு களைந்து ஐரோப்பியப் பெண்களாக மாறுகிறார்கள். வசனம் இல்லை, தாள ஒலி மட்டும். சோதனைச் சாவடியில் சிப்பாய் பல்லிளித்து வழிவிடுகிறான். சிற்றுண்டிக் கடையில் ஒருத்தி கூடையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுச் சுற்றிலும் பார்க்கிறாள். அரட்டையடிக்கும் இளைஞர்கள், ஐஸ்கிரீம் சுவைக்கும் குழந்தை. சாகப்போகும் முகங்களை அவள் கண்வழியே நாமும் பார்க்கிறோம். சற்று முன்பு, நள்ளிரவில் கஸ்பாவில் வைக்கப்பட்ட குண்டுக்குப் பலியான அரபுக் குடும்பங்களின் மேல் ஒலித்த இரங்கல் இசையே இந்த ஐரோப்பியப் பிணங்களின் மேலும் ஒலிக்கிறது. செயலின் காரணத்தை உணர்த்தியும் செயலை மன்னிக்காமலும் நிற்கும் இந்தச் சமநிலை கைவருவது அரிது. 1956 செப்டம்பர் 30 அன்று ஏர் பிரான்ஸ் அலுவலகத்தில் வைத்த குண்டு உண்மையில் வெடிக்கவில்லை, படத்தில் வெடிக்கிறது. அது கலைஞனின் உரிமை, குறையாகாது. அந்தப் பெண்களுக்கு முகத்தைத் தந்த படம் அரசியலைத் தரவில்லை என்பதுதான் குறை.

அடுத்தது, கிளர்ச்சியை ஒடுக்க வரும் பிரெஞ்சு கர்னல் மாத்தியூ. கரும்பலகையில் முக்கோணங்களை அடுக்கி, முன்னணியின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மூன்று பேரை மட்டுமே தெரியும், ஆகவே விசாரணைதான் வழி என்று அவர் விளக்கும்போது, சித்திரவதை ஒரு கொடியவனின் வக்கிரமாக இல்லாமல் நிர்வாக முறையாகத் தெரிகிறது. பிரான்ஸ் இங்கே நீடிக்க வேண்டுமா என்று பத்திரிகையாளரையே கேட்டு, ஆம் என்றால் விளைவையும் ஏற்கச் சொல்கிறார். அவரை அரக்கனாக்காதது பொன்டெகோர்வோவின் நேர்மை. ஆனால் அந்த நேர்மையே ஒரு பிழைக்கும் இடங்கொடுக்கிறது. சித்திரவதைக்கு உள்ளானவன் மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்ததில் தொடங்கும் படம், அந்த மறைவிடம் தகர்வதை நோக்கியே நகர்கிறது. சித்திரவதை பலித்தது என்ற எண்ணம் பார்வையாளனிடம் வேரூன்றுகிறது. அந்த வெற்றிக்குத் துணைநின்ற பிற வழிகளான, பிரெஞ்சு அதிகாரி ரொஜே திரான்கியே வீடுகளுக்கு எண்ணிட்டு, தெருவுக்குத் தெரு பொறுப்பாளரை வைத்து நடத்திய கணக்கெடுப்பும், கேப்டன் லெழே அணி மாறியவர்களைக் கொண்டு அமைத்த உளவு வலையும் இங்கே இல்லை. நாஜி முகாமில் வதைபட்ட போல் தெத்ஜென், அல்ஜியர்ஸ் காவல் நிர்வாகத்தில் இருந்துகொண்டு, காணாமற்போனோர் 3,000 பேருக்கு மேல் எனக் கணக்கிட்டார். 1957இல் பதவி விலகினார். அவரும் படத்தில் இல்லை. அரசின் எதிர்வினையை ஆராயும் படம், அரசுக்குள்ளிருந்தே எழுந்த மறுப்பை விட்டுவிட்டால் ஆய்வு ஊனமாகிறது. இந்த விடுபாட்டை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன்.

படத்தின் தயாரிப்பாளர் ஸாதி யாசெஃப், விடுதலை முன்னணியின் அல்ஜியர்ஸ் நகரக் குழுவின் தலைவராக இருந்தவர். ஏறத்தாழத் தன் வேடத்திலேயே நடிக்கவும் செய்தார். விடுதலை முன்னணி தன் மக்கள்மேலும் போட்டி அமைப்புகளின்மேலும் ஏவிய வன்முறை படத்தில் மெலிந்திருப்பதற்கு இதைக் காரணமாகக் காட்டுவர். இருக்கலாம். ஆயினும் தோல்வியைத் தோல்வியாகவே காட்ட யாசெஃப் இசைந்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பெரிய பிழை முடிவில் இருக்கிறது. 1957 அக்டோபரில் படத்தின் நாயகன் அலி லா புவாந்த் அந்த மறைவிடத்தில் இறக்கிறான். அடுத்த காட்சி 1960 டிசம்பர்; தெருவெங்கும் மக்கள். காரணம் விளங்கவில்லை என்று பின்னணிக் குரலே கைவிரிக்கிறது. அந்த மூன்றாண்டில்தான் இருபது இலட்சம் அளவிலான கிராமத்தவர் முகாம்களுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். 1958 மே மாத இராணுவக் கிளர்ச்சி தெகோலை ஆட்சிக்குக் கொண்டுவந்தது. 1959 செப்டம்பரில் அவரே சுயநிர்ணயம் பற்றிப் பேசினார். நகரச் சண்டையில் வென்ற இராணுவம் நாட்டை எப்படி இழந்தது என்பதற்கான விடை முழுவதும் இங்கே கிடக்கிறது. படம் அதை ஒரு வெட்டில் தாண்டிவிடுகிறது.

ஆகவே, தலைமறைவுப் போரின் இயக்கத்தையும் அதை நசுக்கும் முறையையும் காட்டுவதில் இப்படத்துக்கு இணையில்லை. முதல் தரம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. பயங்கரவாதத்தின் காரணங்களை அறிய இதையே நம்புவோருக்கு இது போதாது. இறுதியில் புகைக்குள்ளிருந்து கொடியோடு ஆடியபடி ஒரு பெண் முன்னே வருகிறாள். அபாரமான படிமம். கண்ணாடி முன் பேசாமல் நின்ற பெண்களுக்கும் இவளுக்கும் நடுவே, அலியின் இறப்புக்குப் பின் கடந்துபோன மூன்றாண்டில் ஒரு நாளைக்கூடப் படம் காட்டவில்லை.