வாராத தொடர்ச்சி: ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’வும் திண்டுக்கல் 1973உம்

ஆய்வுச் சுருக்கம்

1973ஆம் ஆண்டு வெளிவந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைப்படம், ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்னும் அடுத்த படத்தை அறிவித்து முடிவுற்றது. அப்படம் எம்.ஜி.ஆர். வாழ்ந்த காலத்தில் எடுக்கப்படவில்லை. 2018ஆம் ஆண்டு அதே தலைப்பில் ஓர் அசைவூட்டத் திரைப்படம் தொடங்கப்பட்டது. அதுவும் திரைக்கு வரவில்லை. இருமுறை அறிவிக்கப்பட்டு இருமுறையும் வாராது போன இத்தொடர்ச்சியைத் திண்டுக்கல் இடைத்தேர்தல், ‘கோச்சடையான்’ அசைவூட்டப்படம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. எடுக்கப்படாத படங்களும் அழிந்துபோகும் துணைப் படைப்புகளும் தமிழ்த் திரை ஆய்வில் பெற வேண்டிய இடத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: எடுக்கப்படாத திரைப்படம், தொடர்ச்சி, அசைவூட்டம், இடைத்தேர்தல், துணைப் படைப்பு, ஆவணக்காப்பு.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் பெரும்பாலும் வெளிவந்த படங்களையே தரவாகக் கொள்கின்றன. திட்டமிடப்பட்டு நின்றுபோன படங்கள் நினைவுக் குறிப்புகளிலும் இதழ்த் துணுக்குகளிலும் சுவையான செய்திகளாகவே எஞ்சுகின்றன. ஆயினும் ஒரு படம் அறிவிக்கப்பட்ட கணத்திலேயே பார்வையாளரிடம் ஓர் எதிர்பார்ப்பு உருவாகிவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பு வரலாற்றில் நிகழ்ந்த ஒன்று. படம் எடுக்கப்படாததால் அது இல்லாமற் போவதில்லை. எனவே நிறைவேறாத அறிவிப்பையும் ஒரு பனுவலாகக் கொண்டு வாசிக்க இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

அறிவிப்பும் அதன் காலமும்

எம்கேயார் பிக்சர்ஸ் நிறுவனத்தின் வழி எம்.ஜி.ஆர். தயாரித்த படங்கள் மூன்று: ‘நாடோடி மன்னன்’ (1958), ‘அடிமைப் பெண்’ (1969), ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973). இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் அவரே இயக்கினார். மூன்றாம் படத்திற்கான வெளிநாட்டுப் படப்பிடிப்பு 1970இல் நடைபெற்றது. அவ்வாண்டு ஜப்பானின் ஒசாகா நகரில் நிகழ்ந்த எக்ஸ்போ 70 கண்காட்சியும், ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து முதலிய இடங்களும் படத்தில் இடம்பெற்றன. மின்னலின் ஆற்றலைப் பயன்கொள்ளும் வழியைக் கண்டறிந்த விஞ்ஞானி முருகன், அவனைத் தேடிச் செல்லும் தம்பி ராஜு என்னும் இரு பாத்திரங்களையும் எம்.ஜி.ஆரே ஏற்றார்.

படப்பிடிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் தமிழக அரசியல் மாறியது. படம் பிடிக்கப்பட்டபோது எம்.ஜி.ஆர். திராவிட முன்னேற்றக் கழகத்தவர். 1972 அக்டோபரில் அக்கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, அம்மாதம் 17ஆம் நாள் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். படம் 1973 மே 11 அன்று வெளியானது. ஒன்பது நாள் கழித்து, மே 20 அன்று, திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடந்தது. புதிய கட்சி சந்தித்த முதல் தேர்தல் அது. வழக்கறிஞர் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் போட்டியிட்டுப் பெரும் வேறுபாட்டில் வென்றார். இரண்டாமிடத்தை நிறுவனக் காங்கிரசு பெற்றது, ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்திற்குத் தள்ளப்பட்டது. அக்கட்சியின் நிலையான அடையாளமான இரட்டை இலை முதன்முதலில் வாக்குச் சீட்டில் இடம்பெற்றதும் திண்டுக்கல்லில்தான்.

ஒன்பது நாள்: ஒரு மறுவாசிப்பு

படமும் தேர்தலும் அடுத்தடுத்து வந்தமையால், படத்தின் வெற்றியே தேர்தல் வெற்றிக்கு வழிவகுத்தது என்னும் கருத்து மேடைப்பேச்சிலும் பொதுவழக்கிலும் நிலைபெற்றுள்ளது. இதனைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். அன்றைய திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1985இல். பூட்டுத் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் புகையிலை வணிகமும் கொண்ட நகரைச் சுற்றிப் பரந்த வேளாண் சமவெளியே தொகுதியின் பெரும்பகுதி. சிற்றூர் மக்களுக்குத் திரைப்படம் டூரிங் டாக்கீசு என்னும் கூடாரக் கொட்டகைகளின் வழியே கிடைத்தது. பெருநகர அரங்குகளில் ஓடி முடிந்த பிறகே படச்சுருள்கள் இக்கொட்டகைகளுக்கு வந்து சேரும். ஆகவே மே 20 அன்று வாக்களித்த சமவெளி மக்களுள் பெரும்பாலோர் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அவர்களை எட்டியவை படத்தின் துணைப் படைப்புகள்: இசைத்தட்டுகள், ஒலிபெருக்கியில் ஒலித்த பாடல்கள், சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் விற்ற பாட்டுப் புத்தகங்கள், சுவரொட்டிகள். திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக்செட்டுக்காரர் போட்ட தட்டுகளே சிற்றூர்க்குப் படத்தின் முதற்காட்சி. பார்க்கப்படாத படம் ஒன்று, அதன் துணைப் படைப்புகளின் வழி, பார்க்கப்பட்ட படத்திற்குரிய செல்வாக்கைப் பெற்றது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ‘பிம்பச் சிறை’ ஆய்வு எம்.ஜி.ஆர். பிம்பத்தின் உருவாக்கத்தைத் திரைக்குள்ளும் திரைக்கு வெளியிலும் தேடியது. அவ்வாய்வு திறந்த வழியில் நாம் மேலும் ஓரடி செல்லலாம். திண்டுக்கல் வாக்காளரைப் பொறுத்தவரை ‘உலகம் சுற்றும் வாலிபன்’ அந்த ஒன்பது நாளில் இன்னும் வரவிருக்கும் படமே. ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ எந்நிலையில் இருந்ததோ, ஏறத்தாழ அந்நிலையில்தான் முதற்படமும் இருந்தது. இரண்டும் அவர்களுக்கு வாக்குறுதிகளே.

தொடர்ச்சி ஏன் வரவில்லை?

அரசியலில் நுழைந்ததால் தொடர்ச்சி கைவிடப்பட்டது என்பது எளிய விடை. இவ்விடை முழுமையானதன்று. 1973க்குப் பின்னும் எம்.ஜி.ஆர். தொடர்ந்து நடித்தார். ‘உரிமைக்குரல்’ (1974), ‘இதயக்கனி’ (1975), ‘உழைக்கும் கரங்கள்’ (1976), ‘மீனவ நண்பன்’ (1977) ஆகியன இக்காலத்தவை. முதலமைச்சராகப் பொறுப்பேற்ற பின்பு, 1978 சனவரியில், அவரே இயக்கிய ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ வெளியானது. எனவே நடிப்போ இயக்கமோ அரசியலால் உடனடியாக நின்றுவிடவில்லை.

நின்றது வேறு வகைப் படம். சொந்த நிறுவனத்தின் முதலீட்டில், பல நாடுகளுக்குச் சென்று, நீண்ட காலம் எடுத்துச் செய்யும் படமே நின்றது. எம்கேயார் பிக்சர்ஸ் நிறுவனத்தின் முதலிரு படங்களுக்கு இடையே 11 ஆண்டுகள். இரண்டாம் மூன்றாம் படங்களுக்கு இடையே 4 ஆண்டுகள். குறைந்த இடைவெளியைக் கொண்டு கணக்கிட்டாலும் நான்காம் படம் 1977இல்தான் வந்திருக்கும். அவ்வாண்டு சூன் 30 அன்று எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். ஒரு கட்சியை மாவட்டந்தோறும் கட்டியெழுப்பும் தலைவர் மாதக்கணக்கில் அயல்நாட்டில் தங்க இயலாது. உள்நாட்டுப் படப்பிடிப்பும் கட்சிப் பணியும் ஒருங்கே நடக்கக் கூடியவை. உலகம் சுற்றுவதும் தொகுதி சுற்றுவதும் அவ்வாறு அல்ல. திண்டுக்கல் வெற்றி, இரண்டாவதையே தேர்ந்துகொள்ளுமாறு செய்தது எனக் கருதலாம்.

இங்குக் கதைத்தலைவனின் இயல்பும் கருதத்தக்கது. அறிவிக்கப்பட்ட தலைப்பு விஞ்ஞானி முருகனைக் குறிக்கவில்லை. துப்பறியும் தம்பி ராஜுவையே குறித்தது. அறிவைப் படைப்பவன் கதை முடிந்துவிட்டது. மீட்பவன் கதை முடிவதில்லை. அடுத்த நாடு, அடுத்த ஆபத்து, அடுத்த மீட்பு என அவன் கதை நீளக்கூடியது. மீண்டும் வருவேன் என்னும் இவ்வாக்குறுதி தேர்தல் மேடையிலும் பொருந்துவது. திரையில் நிகழாத மறுவருகை 1977இலும் 1980இலும் 1984இலும் சட்டமன்றத் தேர்தல்களில் நிகழ்ந்தது.

நிறைவு செய்தலின் நான்கு வழிகள்

நின்றுபோன படத்தை என்செய்வது என்னும் வினாவிற்குத் தமிழ்த் திரையுலகம் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளது. முதல் வழி, எஞ்சிய படச்சுருளை வேறொரு கதைக்குள் பொருத்துதல். முடிவுறாத ‘அண்ணா நீ என் தெய்வம்’ படத்தின் காட்சிகள் 1990இல் கே. பாக்யராஜின் ‘அவசர போலீஸ் 100’ படத்தில் இடம்பெற்றன. இரண்டாம் வழி, மூலக்கதையைப் பிறர் எடுத்தல். எம்.ஜி.ஆர். 1958இல் உரிமை பெற்று நிறைவேற்ற இயலாத ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கத்தில் இரு பாகங்களாக வந்தது. மூன்றாம் வழி, நின்றுபோன படத்தின் கதைக்கு முன்கதையை எழுதி அதனை எடுத்தல். 2011இல் ரஜினிகாந்தின் உடல்நலக் குறைவால் ‘ராணா’ நின்றபோது, அதன் முன்கதையாக அறிவிக்கப்பட்டதே ‘கோச்சடையான்’. நான்காம் வழி, மறைந்த நடிகரையே அசைவூட்டத்தின் மூலம் மீட்டல். ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ இதனை நாடியது.

2014 மே 23 அன்று வெளிவந்த ‘கோச்சடையான்’ பின்னிரு வழிகளுக்கும் பாலமாக அமைகிறது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய இப்படத்தில் நடிகரின் அசைவுகள் கணினியில் பதியப்பட்டு உருவமாக்கப்பட்டன. 2009இல் மறைந்த நாகேஷும் இதில் ஒரு பாத்திரமாகத் தோன்றினார். ஆக, மறைந்தவரைத் திரையில் நடமாடச் செய்தல் 2018க்கு முன்பே தமிழில் நிகழ்ந்தது. ஆனால் நாகேஷ் அப்படத்தில் துணைப் பாத்திரம். கதையைத் தாங்கிய நாயகன் உயிரோடிருந்து நடித்தவர். இவ்வேறுபாடு முதன்மையானது. இதே நாயகனைக் கொண்டு முன்னர்த் தொடங்கப்பட்ட ‘சுல்தான் தி வாரியர்’ அசைவூட்டப்படம் கைவிடப்பட்டதையும் இணைத்து நோக்கினால், தமிழில் நட்சத்திர அசைவூட்டத்தின் வரலாறு பெரிதும் நின்றுபோன படங்களின் வரலாறாகவே தெரிகிறது.

2018: எந்த எம்.ஜி.ஆர்.?

எம்.ஜி.ஆரின் நூற்றாண்டு நிறைவை ஒட்டி, 2018 சனவரி 17 அன்று ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ அசைவூட்டப்படத்தின் தொடக்க விழா நடைபெற்றது. வேல்ஸ் பிலிம் இன்டர்நேஷனல், பிரபுதேவா ஸ்டுடியோஸ் ஆகியன தயாரிப்பாளர்கள், இயக்குநர் அருள்மூர்த்தி. ரஜினிகாந்தும் கமல்ஹாசனும் விழாவில் கலந்துகொண்டனர்.

இத்திட்டம் எழுப்பும் அழகியல் வினா தொழில்நுட்பம் பற்றியது மட்டுமன்று. 1967 சனவரியில் துப்பாக்கிக் குண்டடி பட்ட பின் எம்.ஜி.ஆரின் குரல் மாறிவிட்டது. ‘உலகம் சுற்றும் வாலிபன்’ அந்த மாறிய குரலின் படம். அசைவூட்ட ராஜு பேச வேண்டிய குரல் எது? முந்தைய தெளிந்த குரலா, மூலப்படத்தின் குரலா? 1973இல் 56 வயதான நடிகர் வாலிபனாக நடித்தார். அசைவூட்டம் வரைய வேண்டியது நடிகரின் முகத்தையா, பாத்திரத்தின் முகத்தையா? குறைகளை நீக்கி வரைந்தால் பார்வையாளர் அறிந்த எம்.ஜி.ஆர். மறைகிறார், குறைகளோடு வரைந்தால் அசைவூட்டத்தின் தேவையே ஐயத்துக்கு இடமாகிறது. உயிருள்ள நடிகர் தம் உடலால் இவ்வினாக்களுக்கு நாள்தோறும் விடை தருகிறார். மறைந்தவர் பொருட்டு விடை தருவோர் வேறு எவரோ ஆகின்றனர்.

விழா நடந்த நாளும் பொருள் பொதிந்தது. அதற்கு 17 நாள் முன்பு, 2017 திசம்பர் 31 அன்று, ரஜினிகாந்த் தம் அரசியல் நுழைவை அறிவித்தார். அடுத்த மாதம் 21ஆம் நாள் மதுரையில் கமல்ஹாசன் கட்சி தொடங்கினார். ஜெயலலிதா 2016 திசம்பரில் மறைந்ததால் எம்.ஜி.ஆரின் அரசியல் மரபு உரிமை வினாவுக்கு உள்ளாகியிருந்த காலம் அது. 1973இல் தொடர்ச்சியின் இடத்தை அரசியல் எடுத்துக்கொண்டது. 2018இல் அரசியல் தொடர்ச்சியைத் தேடியோர் வாராத படத்தின் தொடக்க விழாவில் கூடினர். 2020 திசம்பரில் ரஜினிகாந்த் கட்சி தொடங்கப் போவதில்லை என்று அறிவித்தார். அசைவூட்டப்படமும் வரவில்லை. தொடர்ச்சிகள் இரண்டும் அறிவிப்பாகவே நின்றன.

துணைப் படைப்புகளும் ஆவணக்காப்பும்

‘கோச்சடையான்’ வெளியீட்டையொட்டிக் கைப்பேசி விளையாட்டு வந்தது. படத்தின் பெயர் தாங்கிய கைப்பேசிகளும் விற்பனையாயின. 1973இன் பாட்டுப் புத்தகத்திற்கும் இசைத்தட்டிற்கும் இணையான துணைப் படைப்புகள் இவை. பாட்டுப் புத்தகம் தாளில் அச்சானது. பழைய புத்தகக் கடையிலோ தனியார் சேகரிப்பிலோ எஞ்சக்கூடியது. கைப்பேசி விளையாட்டு, கருவியும் இயங்குதளமும் மாறியதும் இயங்காமற் போகும் தன்மையது. 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டம் அச்சு நூல்களைப் பொது நூலகங்களுக்கு அளிக்கச் செய்கிறது. திரைப்படத்திற்கோ விளையாட்டு மென்பொருளுக்கோ அச்சட்டம் பொருந்தாது. 1964இல் நிறுவப்பட்ட புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் படச்சுருள்களைக் காக்கிறது. சுவரொட்டி, பாட்டுப் புத்தகம் போன்ற துணைப் படைப்புகளையும் அது சேகரிக்கிறது, எனினும் துணைப் படைப்புகள் பலவும் காப்பின்றி அழியக்கூடியவை.

இதன் விளைவு ஆய்வுக்கு நேரடியானது. திண்டுக்கல் சமவெளியின் வாக்காளர் 1973 மே மாதத்தில் எதைக் கேட்டனர், எதைக் கண்டனர் என அறியப் படத்தின் படிவம் போதாது. ஒலிபெருக்கித் தட்டுகளும் துண்டறிக்கைகளும் வேண்டும். அவ்வாறே 2014இன் இளம் பார்வையாளரை அறிய விளையாட்டு வேண்டும். மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், தத்தம் பகுதியின் கொட்டகை உரிமையாளர், படம் ஓட்டுநர், மைக்செட்டுக்காரர் ஆகியோரிடம் எஞ்சியவற்றைத் தொகுத்து எண்ணிமப்படுத்துவது உடனடியாகச் செய்யத்தக்க பணி. அன்று இருபது வயதில் தட்டுப் போட்டவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள்.

முடிவுரை

‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ எடுக்கப்படாத படமேயாயினும் விளைவற்ற படம் அன்று. அதன் அறிவிப்பு, திண்டுக்கல்லில் முதலில் சோதிக்கப்பட்ட ஓர் அரசியல் வாக்குறுதியின் காலத்தோடு இணைந்தே பிறந்தது. தொடர்ச்சி வராமைக்கு அரசியலை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. பெருமுதலீட்டு அயல்நாட்டுப் படத்திற்கு வேண்டிய காலத்தையே அரசியல் எடுத்துக்கொண்டது. எடுக்கப்படாமையால் ராஜு மூப்படையாத பாத்திரமாக எஞ்சினான். ஆகவே அசைவூட்டம் அவனை நாடியது. ஆனால் மறைந்த நடிகரின் குரலையும் வயதையும் உடலையும் யார் தீர்மானிப்பது என்னும் வினா தீரவில்லை. எதிர்காலத்தில் தொழில்நுட்பம் இப்படத்தை எளிதாக்கக்கூடும்; அவ்வினாவை எளிதாக்காது. எனவே வாராத படங்களின் பட்டியலைத் தொகுப்பதோடு நில்லாமல், அவற்றைக் காத்திருந்தோரின் வரலாற்றையும் எழுதுவது தமிழ்த் திரைத் திறனாய்வின் கடமையாகும்.