ஆஸ்கர் ஆரூடம்: எது ஜெயிக்கும், எது ஜெயிக்கணும், எது நல்ல படம்

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி தொடங்கி மார்ச் வரைக்கும் ஆங்கில சினிமா எழுத்தில் ஒரு தனிப் பயிர் விளையும். அதுக்குப் பேர் ஆஸ்கர் ஆரூடம். எந்தப் படம் முன்னால ஓடுது, எது பின்தங்கிடுச்சு, யாருக்கு விருது 'உறுதி', யாருக்குக் கடைசி நேரத்தில் காத்து அடிக்குது என்று வாரத்துக்கு ஒரு பட்டியல் வந்துகொண்டே இருக்கும். படிக்க ஜாலியாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனால் இந்த எழுத்தை விமர்சனம் என்று எடுத்துக்கொண்டு சீர்தூக்கிப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? அதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறேன். (கீழே வரும் வருஷங்கள் எல்லாம் விழா நடந்த வருஷங்கள், படம் வெளியான வருஷங்கள் அல்ல.)

முதலில் ஓட்டு எண்ணும் முறை. இது தெரியாமல் ஆரூடத்தைப் பற்றிப் பேச முடியாது.

நடிப்பு, இயக்கம், திரைக்கதை போன்ற பிரிவுகளில் இறுதிச் சுற்று ரொம்ப எளிது. அதிக ஓட்டு வாங்கியவருக்கு விருது. ஐந்து பேர் போட்டியில் இருந்தால், ஓட்டு நன்றாகச் சிதறும் பட்சத்தில், நூற்றுக்கு இருபத்தோரு ஓட்டு வாங்கியவர்கூட ஜெயிக்கலாம். சிறந்த படத்துக்கு மட்டும் முறை வேறு. 2010 விழாவிலிருந்து இந்தப் பிரிவில் ஐந்து படங்களுக்குப் பதில் பத்து படங்கள் வந்தன. (நடுவில் சில வருஷம் எட்டு, ஒன்பது என்று மாறி, 2022இலிருந்து மறுபடி பத்து.) அதோடு தரவரிசை ஓட்டும் வந்தது. உறுப்பினர் ஒரே ஒரு படத்தை டிக் அடிக்காமல், 1, 2, 3 என்று வரிசைப்படுத்தித் தர வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நூறு பேர், மூன்று படம். முதல் இடத்தில் 'அ'வுக்கு 40, 'ஆ'வுக்கு 35, 'இ'க்கு 25. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அதனால் கடைசியில் இருக்கும் 'இ' வெளியே போகும். அந்த 25 சீட்டிலும் இரண்டாவதாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 18 சீட்டில் 'ஆ', 7 சீட்டில் 'அ' என்று வைத்துக்கொள்வோம். இப்போது 'ஆ'வுக்கு 53, 'அ'வுக்கு 47. முதல் சுற்றில் முன்னால நின்ற படம் தோற்றுவிட்டது.

இதிலிருந்து ஆரூடக்காரர்கள் ஒரு சூத்திரம் செய்தார்கள்: அதிகம் பேர் உயிராக நேசிக்கும் படத்தைவிட, யாருக்குமே பிடிக்காமல் போகாத படம்தான் ஜெயிக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. 2017இல் 14 பரிந்துரைகளோடு வந்த 'லா லா லேண்ட்' தோற்று 'மூன்லைட்' ஜெயித்தபோதும், 2020இல் '1917' தோற்று 'பேரசைட்' ஜெயித்தபோதும் இந்தச் சூத்திரத்தைத்தான் விளக்கமாகச் சொன்னார்கள்.

ஆனால் கொஞ்சம் நிதானிச்சுப் பார்த்தா, இந்த விளக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, தரவரிசை ஓட்டு இல்லாத காலத்திலும் இதே மாதிரி அதிர்ச்சிகள் நடந்திருக்கின்றன. 2006இல் கோல்டன் குளோப், பாஃப்டா, தயாரிப்பாளர் சங்க விருது, இயக்குநர் சங்க விருது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்த 'ப்ரோக்பேக் மவுன்டன்', ஆங் லீக்கு இயக்குநர் விருதை வாங்கித் தந்துவிட்டு, சிறந்த பட விருதை 'க்ராஷ்' படத்திடம் விட்டது. 1999இல் 'சேவிங் ப்ரைவேட் ரயன்' படத்தை 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' முந்தியது. இரண்டு விழாவிலும் சாதாரண ஓட்டுதான்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிசு. அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமும் அகாடமியோடு சேர்ந்தே தரவரிசை ஓட்டுக்கு மாறிவிட்டது. அதே முறைதான். ஆனால் அந்தச் சங்கம் 2017இல் 'லா லா லேண்ட்' படத்தையும், 2020இல் '1917' படத்தையும் தேர்ந்தெடுத்தது. ஒரே எண்ணும் முறை, ஒரே படங்கள், வேறு முடிவு! அப்படியானால் வித்தியாசம் முறையில் இல்லை, ஓட்டுப் போட்ட ஆட்களில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? 'யாருக்கும் பிடிக்காமல் போகாத படம்' என்று 'மூன்லைட்' படத்துக்கு முத்திரை குத்தும்போது, அந்தப் படத்தை முதல் இடத்தில் வைத்து ஓட்டுப் போட்டவர்களை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் சொல்லப்படுவதில்லை. அகாடமி ஓட்டு எண்ணிக்கையை வெளியிடுவதே கிடையாது. சரிபார்க்கவே முடியாத ஒரு விளக்கத்தை வருஷா வருஷம் அறிவியல் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஆட்கள் மாறினார்கள் என்பதாவது நேர்க்கோட்டில் போகும் கதையா? 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் நடத்திய ஆய்வு அகாடமி உறுப்பினர்களில் 94 சதவீதம் வெள்ளையர், 77 சதவீதம் ஆண்கள், நடு வயது 62 என்று காட்டியது. 2016இல், நடிப்புப் பிரிவுகளில் இரண்டாவது வருஷமாக எல்லோரும் வெள்ளையர்களாகவே இருந்த பிறகு, பெண்கள், சிறுபான்மை இனத்தவர் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவோம் என்று அகாடமி அறிவித்தது. வெளிநாட்டு உறுப்பினர்களும் நிறையச் சேர்ந்தார்கள். ஆங்கிலம் அல்லாத மொழியில் எடுத்த ஒரு படம் முதல்முறையாகச் சிறந்த படமானது 2020இல்தான். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது, இல்லையா? ஆனால் நடுவில் 2019 இருக்கிறது. அந்த வருஷம் 'ரோமா'வை விட்டுவிட்டு 'க்ரீன் புக்' படத்துக்குக் கொடுத்தார்கள். ஒரே கதையில் எல்லா வருஷத்தையும் அடக்கப் பார்த்தால், ஒரு வருஷமாவது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

இப்போது ஆரூடத்தின் துல்லியத்துக்கு வருவோம். 2010 முதல் 2025 வரை 16 விழாக்கள். தயாரிப்பாளர் சங்க விருது வாங்கிய படம் எத்தனை முறை ஆஸ்கரும் வாங்கியது? 13 முறை. (அதில் 2014இல் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 'கிராவிட்டி' இரண்டும் அந்தச் சங்க விருதைப் பகிர்ந்துகொண்டன.) தவறியது 2016, 2017, 2020 மட்டும். நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருதை எடுத்தால் 16க்கு 8.

ஆக, தயாரிப்பாளர் சங்கம் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதையே எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு 16க்கு 13 கிடைத்துவிடும். ஒரு வரிச் சூத்திரம். மூன்று மாசம் எழுதப்படும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இதுக்கு மேல எவ்வளவு சேர்த்துக் கொடுத்துவிட முடியும்? இங்கே ஒன்றைக் கவனிக்கணும். 16 என்பது ரொம்பச் சின்ன எண். அதை வைத்துக்கொண்டு 'நடிகர் சங்க விருது இல்லாமல் ஜெயித்ததே இல்லை', 'படத்தொகுப்புப் பரிந்துரை இல்லாவிட்டால் கதை முடிந்தது' என்றெல்லாம் விதி எழுதுவது, மூணு தடவை பூனை குறுக்கே போனதை வைத்துச் சகுன சாஸ்திரம் எழுதுகிற மாதிரிதான். கணக்குத் தெரிந்தவர்களுக்கும் இது சுலபமில்லை. தேர்தல் கணிப்பில் பேர் வாங்கிய நேட் சில்வர் 2009இல் ஆறு முக்கியப் பிரிவுகளைக் கணித்தார். அதில் இரண்டு தவறிப்போனது.

இது வெறும் விளையாட்டு, விடுங்களேன் என்று கேட்கலாம். விளையாட்டாக மட்டும் இருந்தால் நானும் விட்டுவிடுவேன். என் குறை துல்லியத்தைப் பற்றியது இல்லை. இந்தப் பேச்சு இரண்டு இடத்தில் உண்மையாகவே சேதம் செய்கிறது.

முதல் சேதம், ஆரூடம் முடிவிலேயே கலந்துவிடுகிறது. மழை வரும் என்று வானொலியில் சொன்னதால் மழை வருவதில்லை. ஆனால் 'இந்த ஏழு படம்தான் பந்தயத்தில் இருக்கு' என்று சொன்னால், ஓட்டுப் போடுகிறவர்களும் அதைப் படிக்கிறார்கள். வீட்டில் குவிந்திருக்கும் நூற்றுக்கணக்கான படங்களில் எதை முதலில் பார்ப்பது என்பதை அந்தப் பட்டியல் தீர்மானிக்கிறது. பட்டியலில் இல்லாத படம் பார்க்கப்படுவதே இல்லை. பார்க்கப்படாததால் பரிந்துரையும் கிடைப்பதில்லை. பிறகு 'நாங்கதான் அப்பவே சொன்னோமே' என்கிறார்கள். ஓட்டுப் போடுபவர்கள் எல்லோரும் எல்லாப் படத்தையும் பார்க்கிறார்கள் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஓட்டுப் போட, அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை அகாடமி அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். அதுவரைக்கும் பெரும்பாலான பிரிவுகளில் அந்தக் கட்டாயமே கிடையாது.

இரண்டாவது சேதம் இன்னும் ஆழமானது. ஆரூடம் தோல்வியைக் கண்டுபிடிக்கிறது. அதாவது, இல்லாத தோல்வியை உண்டாக்குகிறது.

2021 விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின வருஷம் ஆகஸ்டில் இறந்துபோன சாட்விக் போஸ்மன், 'மா ரெய்னீஸ் ப்ளாக் பாட்டம்' படத்துக்காகக் கோல்டன் குளோபும் நடிகர் சங்க விருதும் வாங்கியிருந்தார். ஆஸ்கரும் அவருக்குத்தான் என்று எல்லாப் பட்டியலும் சொன்னது. வழக்கமாகக் கடைசியில் வரும் சிறந்த பட விருதை முன்னால் கொடுத்துவிட்டு, சிறந்த நடிகர் விருதைக் கடைசிக்கு வைத்தார்கள். போஸ்மனுக்கான அஞ்சலியோடு விழா முடியப்போகிறது என்றே பார்த்தவர்கள் எதிர்பார்த்தார்கள். உறை பிரிக்கப்பட்டது. 'த ஃபாதர்' படத்துக்காக ஆன்டனி ஹாப்கின்ஸ். அவர் அரங்கிலேயே இல்லை. விருதை வாங்க ஆளில்லாமல் விழா சட்டென்று முடிந்துபோனது. மறுநாள் வேல்ஸில் இருந்து ஒரு காணொளியில் நன்றி சொன்ன ஹாப்கின்ஸ், அதிலும் போஸ்மனுக்கு அஞ்சலி செலுத்தினார்.

அந்தப் பிரிவில் சாதாரண ஓட்டு என்பதையும், ஹாப்கின்ஸ் பாஃப்டா வாங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது நடக்கவே முடியாத முடிவு இல்லை. ஆனால் 'உறுதி' என்ற ஒரு வார்த்தை இரண்டு பேருக்கும் அநியாயம் செய்தது. நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ஒரு கிழவரின் பயத்தை 83 வயதில் அவ்வளவு நுட்பமாக நடித்துக் காட்டியவர், அடுத்தவர் சொத்தைத் திருடியவர் மாதிரிப் பேசப்பட்டார். போஸ்மனின் கடைசி நடிப்பு, 'பறிபோன விருது' என்ற ஒரே பேச்சில் மூழ்கிப்போனது. இரண்டு நடிப்பையும் பற்றி அந்த வாரம் யார் என்ன சொன்னார்கள் என்று தேடிப் பாருங்கள். நடிப்பைப் பற்றிக் கொஞ்சம் கிடைக்கும், அதிர்ச்சியைப் பற்றி மலையளவு கிடைக்கும்.

அடுத்த வருஷம் 'த பவர் ஆஃப் த டாக்' 12 பரிந்துரை வாங்கி ஜேன் கேம்பியனுக்கான இயக்குநர் விருது ஒன்றோடு திரும்பியது. மூன்றே பரிந்துரையோடு வந்த 'கோடா' மூன்றையும் ஜெயித்தது. உடனே ஒன்று 'படுதோல்வி', இன்னொன்று 'லேசான படம், எப்படியோ ஜெயிச்சிடுச்சு'. இரண்டுமே நாம் போட்டுவைத்த எதிர்பார்ப்பின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. படத்தின் மேல் எழுதப்பட்டது இல்லை.

இத்தனைக்கும் காரணம், மூன்று வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான். எது ஜெயிக்கும்? இது ஓட்டுப் போடும் ஒரு கூட்டத்தைப் பற்றிய கேள்வி. எது ஜெயிக்கணும்? இது விருதின் பொறுப்பு என்ன, சரித்திரத்தில் யார் விடுபட்டார்கள் என்ற நியாயத்தைப் பற்றிய கேள்வி. எது நல்ல படம்? இது மட்டும்தான் சினிமாவைப் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை மூன்றாவது கேள்விக்கான பதில் மாதிரி எழுதும்போதுதான், 'அகாடமிக்கு இந்த மாதிரிப் படம் பிடிக்காது' என்பது மெல்ல மெல்ல 'இந்தப் படம் எடுபடவில்லை' என்று மாறிப்போகிறது.

ஆரூடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1940இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் முடிவுகளை விழாவுக்கு முன்னாலேயே மாலைப் பதிப்பில் அச்சடித்துவிட்டது. அதனால்தான் அடுத்த வருஷத்திலிருந்து ஒட்டிய உறை வந்தது. ரகசியம் என்று ஒன்று இருந்தால் யூகிக்கத்தான் தோன்றும், மனுஷ சுபாவம். ஆனால் யூகிக்கிறவர்கள் இரண்டு ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். 'உறுதி' என்று எழுதாமல் பத்துக்கு எத்தனை என்று எழுதலாம். பத்துக்கு ஏழு என்று எழுதியவருக்கு மீதி மூன்று நடந்தால் அது அதிர்ச்சியும் இல்லை, திருட்டும் இல்லை. அப்புறம், ஜெயிக்காது என்று சொல்லும் படத்தைப் பற்றியும் ஒரு பத்தியாவது எழுதலாம். அது என்ன படம், எதைச் செய்யப் பார்க்கிறது, எங்கே தொடுகிறது என்று.

அந்தப் பத்தி இல்லாத ஆரூடம் வெறும் கிளி ஜோசியம். அதில் கிளியாவது சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் கூண்டுக்குள் போய்விடும்.