காலி என்று சொல்லப்பட்ட கட்டடங்கள்

பழைய பண்டகசாலைகளையும் தொழிற்கூடங்களையும் இடித்துத் தள்ளாமல், தடுப்புச் சுவரற்ற அவற்றின் விசாலமான தளங்களை மனிதர் வாழும் இல்லங்களாக மாற்றும் வழக்கம் இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. ‘லாஃப்ட்’ என்று வழங்கும் இவ்வகை வீடுகளின் குணத்தையும் தோஷத்தையும் சீர்தூக்க விரும்புவோருக்கு, நியூயார்க் நகரத்தின் சோஹோ பகுதியைக் காட்டிலும் தகுந்த உதாரணம் கிடைப்பது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜவுளி வியாபாரத்துக்கும் உற்பத்திக்குமாக அங்கே எழுந்த கட்டடங்கள் பலவற்றின் முகப்பு வார்ப்பிரும்பால் ஆனது. மெல்லிய இரும்புத் தூண்களே போதுமானவையாக இருந்தமையால், கனத்த சுவர் அடைத்திருக்க வேண்டிய இடத்தில் அகன்ற ஜன்னல்கள் அமைந்தன. மூட்டைகளையும் யந்திரங்களையும் தாங்குவதற்கென்று உறுதியாகப் போட்ட தளங்கள், பிற்காலத்தில் பெரிய சித்திரங்களையும் சிற்பங்களையும் ஆக்குவோருக்கு அரிய ஸௌகரியத்தை அளித்தன. 1870இல் கட்டப்பட்ட ஸ்பிரிங் தெரு 101ஆம் எண் கட்டடத்தைச் சிற்பி டானல்ட் ஜட் 1968இல் வாங்கி, தளங்களின் திறந்த அமைப்பைக் கெடுக்காமல் வீடாகவும் வேலைக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டது இதற்கு நல்ல சாட்சி. நகர அதிகாரி ராபர்ட் மோசஸ் முன்னின்று வற்புறுத்திய, அப்பகுதியை இடித்துச் செல்லவிருந்த விரைவுச் சாலைத் திட்டம், எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் முதலியோரின் கிளர்ச்சியாலும் அங்கே குடியேறிய கலைஞர்களின் எதிர்ப்பாலும் 1969இல் கைவிடப்பட்டது; 1973இல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட சரித்திர வட்டாரமாயிற்று. குடியிருக்க ஆள் வந்ததனாலேயே கட்டடங்கள் பிழைத்தன என்பதை எவரும் மறுக்க இயலாது.

ஆனால், ‘காலியான கட்டடம்’ என்ற சொல்லிலேயே இவ்வழக்கத்தின் முதற்குறை ஒளிந்திருக்கிறது. நகரத் திட்ட அறிஞர் செஸ்டர் ராப்கின் இப்பகுதியைப் பற்றி 1963இல் அளித்த ஆய்வறிக்கை, பாழ் என்று பிறர் கருதிய அவ்விடத்தில் சிறு தொழில்கள் பல உயிரோடு இருந்ததையும், கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோவினரும் திரளாக அவற்றில் பிழைப்பு நடத்தியதையும் எடுத்துக்காட்டிற்று. 1971இல் மாற்றப்பட்ட நகர விதிகள், கலைஞர் என்று அத்தாட்சி பெற்றவர் அங்கே வாழ இடமளித்தன. துணி வெட்டியும் பெட்டி ஒட்டியும் ஜீவனம் செய்தவருக்கு அத்தகைய அத்தாட்சி எதுவும் இல்லை.

இரண்டாவது குறை, குடியேறியவர் மீதே திரும்பிற்று. ஆழ்ந்து நீண்ட தளங்களில் வெளிச்சம் பெரும்பாலும் முன்னும் பின்னுமே நுழைய, நடுப்பகுதி இருண்டு கிடந்தது. குழாயும் சமையலறையும் தம் செலவில் அமைத்துக்கொண்டவருக்கு, சட்டத்தின் முழு அங்கீகாரம் இல்லாதபடியால், வெளியேற்றப்படும் அச்சம் நீங்கவில்லை. 1982ஆம் ஆண்டின் லாஃப்ட் சட்டம் கட்டடங்களைத் தீப்பாதுகாப்பு முதலிய விதிகளுக்கு உட்படுத்தி, வாடகைக்கிருந்தோருக்கும் காப்பளித்தது. எனினும், கலைஞர் உண்டாக்கிய கீர்த்தியே நிலத்தின் விலையை ஏற்ற, நாளடைவில் அவர்களிலும் பலர் அங்கே வசிக்கச் சக்தியற்றுப் போயினர்.

ஜீர்ணோத்தாரணம் செய்யும் நம் கோயில்களில், பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் எழுந்தருளிய தெய்வம் திருப்பணி முடிந்ததும் தன் சந்நிதிக்கே திரும்பி வருகிறது. சோஹோவில் திருப்பணி மிக நேர்த்தியாகவே நடந்தது; முன்பிருந்தவர் திரும்பி வருவதற்கு மட்டும் ஏற்பாடில்லை. ஆயினும், இம்மாற்றம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயமன்று. ஒரு கட்டடத்தைக் காலியென்று தீர்மானிக்குமுன், அதன் மாடிப்படியில் இன்னும் யார் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறார் என்று பார்ப்பதும், அவருக்குரிய இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுவதும் சட்டத்தின் முதற்கடமையாக வேண்டும் என்பதே என் கோரிக்கை.