கச்சேரிக்கு வெளியே கீர்த்தனை: சுசீலா ராமனின் முதல் இசைத்தட்டு

வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிசன் மண்டபத்தில் நிகழும் இசைக்கச்சேரிகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் செல்லும் இரசிகருக்குக் கர்நாடக இசையின் மேடையொழுங்கு நன்கு பழக்கமானது. வர்ணத்திற் தொடங்கி மங்களத்தில் நிறைவுறும் அவ்வொழுங்கினின்றும் ஒரு கீர்த்தனையைத் தனியே பிரித்தெடுத்தால் அதன் உயிர் எஞ்சுமா என்பது வெறும் இசையியல் வினா அன்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்த ஒரு சமூகத்துக்கு அது வாழ்க்கை வினாவுமாகும். 2001 இல் வெளிவந்த ‘சோல்ற் றெயின்’ (உப்பு மழை) என்னும் இசைத்தட்டு இவ்வகையில் நோக்கற்பாலது.

இதனைப் பாடிய சுசீலா ராமன் 1973 இல் இலண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இளமையிற் கர்நாடக இசை பயின்றவர். பின்னர் சிட்னியில் றொக் இசைக்குழு அமைத்துப் பாடியவர். 1990களின் நடுப்பகுதியில் இந்தியா சென்று இந்துஸ்தானிப் பாடகி சுருதி சடோலிகரிடம் பயின்ற அவர், இலண்டன் திரும்பி, வங்கத்துப் பவுல் பாடகர் பபன் தாஸுடன் பணியாற்றிய கிற்றார்க் கலைஞர் சாம் மில்ஸுடன் இணைந்தார். அவ்விணைப்பின் முதற்பேறாகிய இவ்விசைத்தட்டு 2001 ஆம் ஆண்டு பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

தட்டின் தரத்தை அறிவதற்குத் தியாகராசரின் ‘நகுமோமு’ சிறந்த உரைகல்லாகும். தன் துயரை அறிந்தும் இராமன் முகங்காட்ட வரவில்லையே என்னும் பக்தனின் முறையீடே அக்கீர்த்தனை. கச்சேரி மேடையில் சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுங்கால், அம்முறையீடு வித்துவத்தின் ஒளியில் மறைந்துபோவதுண்டு. சுசீலா ராமன் சங்கதிகளைக் குறைக்கிறார். மிகையற்ற துணையிசையின்மீது தாழ்ந்த குரலில் நிதானமாகப் பாடுகிறார். இழந்தது இராகத்தின் விரிவு. பெற்றது காத்திருத்தலின் தனிமை.

மரபு சிதைந்தது என இதனைக் கடிந்துரைப்போர் ஒன்றை மறத்தலாகாது. இக்கீர்த்தனையின் ஆபேரி இராகம் முன்னர்ச் சுத்த தைவதத்துடன் வழங்கியது. இன்று பெரும்பாலும் சதுசுருதி தைவதத்துடனேயே பாடப்படுகிறது. முசிறி சுப்பிரமணிய ஐயரின் பாட்டும் அதன் இசைத்தட்டும் கீர்த்தனையை நாடெங்கும் பரப்பின. ஆகவே மரபு எனப்படுவது மாறாத பொருளன்று. மாற்றம் நிகழ்ந்ததா என்பதைவிட, அது பாட்டின் பொருளுக்குப் பணிசெய்ததா என்பதே விமரிசகன் வினவவேண்டியது.

தட்டின் மேனாட்டுப் பாடல்களும் இந்நோக்கிற் பொருள்பெறுகின்றன. ரிம் பக்ளி 1970 இல் வெளியிட்ட ‘சோங் ரு த சைரன்’, கடற்கன்னியின் அழைப்பைப் பாடுவது. 1983 இல் எலிசபெத் பிரேசரின் குரலில் ‘திஸ் மோட்டல் கொயில்’ என்ற பெயரில் வெளிவந்த அதன் வடிவம், கனவுமயமான றொக் இசைக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. ‘ட்றஸ்ற் இன் மீ’ 1967 இன் ‘ஜங்கிள் புக்’ திரைப்படத்தில் மலைப்பாம்பு சிறுவனை மயக்கப் பாடும் பாட்டு. இவ்விரண்டும் நம்பத்தகாத அழைப்புகள். ‘நகுமோமு’வோ மறுமொழி பெறாத அழைப்பு. இவை மூன்றையும் ஒரே தட்டில், ஒரே குரலிற் கேட்கும்போது, பக்தியும் மயக்கமும் எத்துணை அண்மையில் உள்ளன என்பது புலனாகிறது. தட்டின் பேய்மை கலந்த அழகு ஒலிநுட்பத்தினால் மட்டும் விளைந்ததன்று, இவ்வண்மையினாலும் விளைந்ததாகும்.

எனினும் குறைகளும் உள. மைசூர் வாசுதேவாச்சாரியாரின் ‘மாமவது’ இந்தோள இராகத்தின் இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, கிற்றாரின் சீரான ஓட்டத்துக்கு இசைந்து சென்றுவிடுகிறது. அங்குக் கீர்த்தனை சூழலுக்குரிய நறுமணமாகிறதேயன்றி அனுபவமாகவில்லை. மேலும், ‘நகுமோமு’ தெலுங்கு, ‘மாமவது’ வடமொழி. 1940களிற் தமிழிசை இயக்கம் கச்சேரி மேடையை நோக்கி எழுப்பிய வினா இங்கும் பொருந்தும்: மேடையைத் துறந்த கலைஞர் அதன் மொழித்தேர்வை ஏன் உடன்கொண்டு சென்றார்? பின்னர், 2011 இல் வந்த ‘வேல்’ என்னும் தட்டில், முருகனைப் பாடும் தமிழ்ப் பத்திப்பாடல்களை அவர் முரட்டு வேகத்துடன் கையாண்டமை இவ்வினாவுக்கு அளித்த விடை போலத் தோன்றுகிறது.

வெள்ளவத்தையில் எஞ்சிய பாட்டியிடம் ஒரு கீர்த்தனையையும், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வளரும் பேத்தியிடம் அதன் ஒலிப்பதிவையும் இன்று காணலாம். இடையில் அறுந்தது குருவும் மேடையும் ஆகும். அவ்வறுபாட்டை இல்லாததுபோல மறைக்கும் இசை பொய்யாகவே ஒலிக்கும். ‘சோல்ற் றெயின்’ தன் சிறந்த இடங்களில் அதனை மறைக்கவில்லை. அவ்வறுபாட்டினுள் நின்றே பாடுகிறது. அதன் பெருமை அதுவே.