நார்வே பேட்டரி இல்லை

காற்றாலை மின்சாரம் பற்றி எதைப் படித்தாலும் ஒரு வரி கண்ணில் படும்: "நார்வே ஐரோப்பாவின் பேட்டரி." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த உவமை விளக்குவதைவிட மறைப்பதே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடப்பது இதுதான். டென்மார்க்கில் காற்று பலமாக அடிக்கும்போது, மிஞ்சும் மின்சாரம் ஸ்காகராக் கடலடிக் கேபிள்கள் வழியாக நார்வேக்குப் போகிறது. 1970களில் தொடங்கிய இந்த இணைப்பில் இன்று நான்கு கேபிள்கள், சுமார் 1,700 மெகாவாட். கரண்ட் வந்ததும் நார்வேக்காரர்கள் தங்கள் நீர்மின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் அணையிலேயே நிற்கிறது. காற்று ஓய்ந்தால் டர்பைன்களை ஓட்டுகிறார்கள். சில நிமிடங்களில் மின்சாரம் தெற்கே திரும்புகிறது.

கவனிச்சீங்களா? இதில் யாரும் எதையும் சார்ஜ் செய்யவில்லை. பெரும்பாலும் தண்ணீரை மேலே பம்ப் பண்ணுவதும் இல்லை. செலவை ஒத்திப்போடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த அணைகளை நிரப்புவது டென்மார்க் காற்று அல்ல. மழையும் உருகும் பனியும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. ஒத்திப்போட ஓர் எல்லை உண்டு: அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தியைத்தான் நிறுத்த முடியும். அணைகளில் 8,700 கோடி யூனிட்டுக்கான தண்ணீர் கொள்ளும் என்பதால் அவ்வளவு காற்றையும் உள்ளே தள்ளிவிட முடியாது.

அடுத்தது வறட்சி. 2021இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் கேபிள்கள் திறந்தன. 2022இல் தெற்கு நார்வே அணைகளில் தண்ணீர் குறைந்தது; போரால் எரிவாயு விலையும் ஏறியிருந்தது. மின்கட்டணம் எகிறியது. அரசு வீடுகளின் கரண்ட் பில்லில் ஒரு பகுதியைத் தானே ஏற்க வேண்டிவந்தது. கேபிள்கள் மேல் வந்த கோபம் அரசியலாகவே மாறியது. "பேட்டரி" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தக் கோபம் புரிந்திருக்காது. அது அவர்கள் தண்ணீர்.

மூன்றாவது ஆறு. டர்பைனைச் சட்டென நிறுத்தினால் கீழே நீர்மட்டம் விழும்; சால்மன் குஞ்சுகள் கரைக் கற்களுக்கிடையே சிக்கிச் சாகும். எந்தப் பேட்டரியிலும் மீன் இல்லை.

முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. பம்ப் இழப்பு இல்லாத, அருமையான ஏற்பாடு. ஆனால் "நம்மகிட்டயும் அணை இருக்கே" என்று இங்கே கிளம்பும்போதுதான் உவமை நம்மை ஏமாற்றுகிறது. நிஜமாகவே தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கக் கட்டியது காடம்பாறை, 400 மெகாவாட். மேட்டூர் அப்படியல்ல. நம் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் டெல்டாவுக்குத் தண்ணீர் வேண்டும். காற்று அடிக்குது, மதகை மூடுங்க என்று குறுவை நட்டவரிடம் போய் யார் சொல்வது?

அணையைப் பேட்டரி என்று அழைக்கும் முன், அந்தத் தண்ணீருக்காக வேறு யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.